வெள்ளை பூத்த சக்கரம்

பேயென்றால் ஸ்டெப்னிக்குப் பயம் கிடையாது. பேய் இருக்கிற இடத்துக்குப் போவதற்குத்தான் பயம். இந்த வித்தியாசத்தை வழியெல்லாம் சர்வேயரம்மாவுக்கு விளக்கிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

"ஊர்ல இருக்கிற பேயெல்லாம் கல்லை எறியும், கழுத்தை நெரிக்கும். இது என்னடான்னா காரைக் கழுவுதாம். பேசாம நம்ம வண்டியையும் ரெண்டு நாள் அங்கயே விட்டுட்டு வந்துடலாமா மேடம்?"

"அது ஒரு சக்கரம் மட்டும்தான் கழுவுதாம்."

"பேய்லயும் சோம்பேறி உண்டு போல."

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, வண்டி சொல்வது உண்மையா, வண்டிக்காரர் சொல்வது உண்மையா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். வேலையை விட்ட பிறகு, ஆட்கள் சொல்வதில் எது உண்மை என்று பார்க்கத் தொடங்கியிருந்தார். ஸ்டெப்னி முன்பு டாக்ஸி ஓட்டியவன். எங்கே போனாலும் காரின் உபரிச் சக்கரம் போல அவர் பின்னாலேயே தொற்றிக்கொண்டு போனதால் அந்தப் பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துவிட்டது என்று கேட்டவர்களிடம் சொல்வான்.

மழை விட்டிருந்த மத்தியானம். வெயில் வரலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் இரண்டு மாடி வீடு. பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட கார் ஷெட். கேட்டைத் திறந்துவிட்ட பெண்மணி ஆஸ்பத்திரி நர்ஸ். டூட்டி முடிந்து வந்த வெள்ளைப் புடவையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தார். எல்லாரும் வாத்தியார்னுதான் கூப்பிடுவாங்க" என்றார். "காலையில கடற்கரை ரோட்டுல நடக்கப் போறது வழக்கம். போன குளிர்காலத்துல போனவர் திரும்பி வரல. வளைவுக்குக் கீழே சரிவுல, புதருக்குள்ள கிடந்தார். மூடுபனியில கண்ணு தெரியாம ஏதோ வண்டி இடிச்சுட்டுப் போயிருக்குன்னு போலீஸ்ல சொன்னாங்க. எந்த வண்டின்னு இன்னிவரைக்கும் தெரியல."

"அப்புறம்தான் சத்தமா?" என்றார் சர்வேயரம்மா.

"விடியற நேரத்துல பிரஷ் தேய்க்கிற சத்தம். அவர் இருந்தப்பவும் அந்த நேரத்துலதான் சக்கரம் கழுவிட்டு நடக்கப் போவார். நான் எழுந்து போய்ப் பார்த்தா ஷெட் பூட்டியிருக்கும். உள்ளே தரை ஈரமா இருக்கும். ஆள் இருக்காது." நர்ஸம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "ஆஸ்பத்திரியில எத்தனையோ சாவு பார்த்தவ நான். பேய் பிசாசுன்னு யாராவது சொன்னா சிரிப்பேன். இப்போ சிரிக்க முடியல. அவருக்கு ஏதோ குறை இருக்கு. என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேக்கறேன்" என்றார் சர்வேயரம்மா, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கப் போகிறவர் போல.

ஷெட் சாவி மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்கியது. கதவு திறந்ததும் ஈரச் சிமெண்ட் வாடை முகத்தில் அடித்தது. அதற்குள் வேறொரு வாடையும் இருந்தது, மூக்கைச் சுருக்க வைக்கிற மாதிரி. நடுவில் கவர் போர்த்திய கார். வெள்ளைத் துணி போர்த்தியது எதுவாக இருந்தாலும் ஸ்டெப்னிக்கு ஒத்துக்கொள்ளாது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கவரை உருவினான்.

பழைய கார்தான், ஆனால் வளர்த்த பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ளப்பட்ட கார். நான்கும் அலாய் வீல்கள். மூன்றில் தூசி படிந்திருந்தது. சர்வேயரம்மா ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்ததும் கண்ணாடி போல மின்னியது. வாசல் பக்கம் இருந்த முன்சக்கரம் மட்டும் வேறு கதி. கார் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது போல அது வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. பளபளப்பு செத்து, பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடங்கள் ஆரத்துக்கு ஆரம் கிளை பிரிந்து போயிருந்தன.

"மேடம், இதுக்குத் தோல் டாக்டரைத்தான் கூப்பிடணும்" என்றான் ஸ்டெப்னி. குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"அலுமினியம் துருப்பிடிச்சா சிவக்காது. இப்படி வெள்ளையாப் பூக்கும்."

"துடைச்சாலும் வருதுங்க" என்றார் நர்ஸம்மா. "ஒரு நாள் நானே துணியால துடைச்சேன். அடுத்த வாரம் இன்னும் பரவியிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ எழுதற மாதிரி."

"உங்க வீட்டுக்காரர் எப்படிக் கழுவுவார்? பார்த்திருப்பீங்களே."

கேட்டதும் அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது. "வண்டி ஓடிட்டு வந்ததும் தொடவே மாட்டார். சக்கரம் சூடா இருக்கும், ஆறட்டும்பார். மறுநாள் காலையில பச்சைத்தண்ணி ஊத்தி பிரேக் தூளையெல்லாம் இறக்குவார். சக்கரத்துக்குத் தனி வாளி. அந்தத் துணி காரோட மேல்பக்கம் படக்கூடாது. கொஞ்சம் ஷாம்பூ, பூ மாதிரி பிரஷ். தண்ணி தானா காய விடமாட்டார், துடைச்சுடுவார். மழைக்காலம் வந்தா மெழுகு பூசுவார். கடல் காத்துல உப்பு ஒட்டக்கூடாதாம். என் கால் வெடிச்சுக் கிடக்கு, அதுக்கு ஒரு நாள் எண்ணெய் தடவினதில்ல."

ஸ்டெப்னி சிரித்தான். சர்வேயரம்மா அதற்குள் மண்டியிட்டிருந்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அந்த ஒரு சக்கரத்துக்குக் கீழே மட்டும் சிமெண்ட் மேல்தோல் உரிந்து மணல் மணலாகத் தெரிந்தது. விரலால் தேய்த்தார்; உதிர்ந்தது.

"ஷாம்பூ தரையைத் தின்னாது. இது பாத்ரூம் கழுவற ஆசிட். கல் பட்டுத் தெறிச்ச இடம் எந்தச் சக்கரத்துலயும் கண்ணுக்குத் தெரியாம இருக்கும். அது வழியா ஆசிட் பூச்சுக்கு அடியில இறங்கிடுச்சு. மேல தேய்க்கத் தேய்க்க உள்ளே ஊறுது. ஊற ஊறப் பூக்குது. இந்தக் கறையைப் போக்கறதுக்காகக் கழுவுறவங்கதான் இந்தக் கறையையே உண்டாக்கறாங்க." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "இந்தச் சக்கரத்தைப் பெத்த பிள்ளையாட்டம் பார்த்தவர் செத்த பிறகும் இதைச் செய்யமாட்டார். வர்றது உங்க வீட்டுக்காரர் இல்லம்மா."

பயம் தெளிந்துவிடும் என்று ஸ்டெப்னி எதிர்பார்த்தான். நர்ஸம்மாவோ ஷெட் தூணில் சாய்ந்துகொண்டார்.

"அப்போ அவர் வரவே இல்லையா" என்றார் மெதுவாக.

சர்வேயரம்மா காரைச் சுற்றி வந்து, "கார் சாவி?" என்றார்.

"என் பையிலயே இருக்கு. அவர் போன பிறகு யாரும் அதுல ஏறினதில்ல. பேட்டரிகூடச் செத்துப்போச்சு."

சர்வேயரம்மா கண்ணைக் காட்ட, ஸ்டெப்னி கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். இறந்தவர் சீட்டில் உட்கார்ந்த கூச்சம் முதுகில் ஏறியது. ஆனால் கால் தாராளமாக நீண்டது. கண்ணாடி நேராகக் கண்ணுக்கு வந்தது. "வாத்தியாரும் என்னை மாதிரி பனைமரம் போலிருக்கு மேடம். எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு."

"இறங்கு" என்றார் அவர். "வீட்டுல வேற யார் இருக்காங்க?"

"மாடியில என் நாத்தனார். அவரோட தங்கச்சி. கல்யாணம் பண்ணிக்கல, தையல் தைக்கறா. எங்களுக்கு அவ பாப்பாதான். பாவம், அண்ணன் போனதுலேர்ந்து அவ சரியாச் சாப்பிடறதில்ல."

பாப்பாவுக்கு நாற்பது வயது இருக்கும். மாடி அறையில் ஜன்னலோரம் தையல் மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டுகள். மேல்தட்டு நூலை எடுக்க அவர் முக்காலியில் ஏற வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன உருவம். வந்தவர்களை உட்காரச் சொன்னார். கைகளை மட்டும் மடியில் கிடந்த துணிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ராத்திரி தூங்கறீங்களா?" என்றார் சர்வேயரம்மா.

"தூங்கறேன்."

"காலையில சத்தம் கேக்குதா?"

"அண்ணி சொன்னாங்க. எனக்குக் கேட்டதில்ல."

ஸ்டெப்னி மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் திறக்கப் பார்த்தான். கரகரவென்று முனகியது. அலகு இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்தன. ஊசி டப்பாவுக்குள் பார்த்தான். "என்னங்க இது, ஊசியெல்லாம் கிழவனாயிடுச்சு?"

"மழை" என்றார் பாப்பா. "புது ஊசி வாங்கி வச்சாலும் நிக்கறதில்ல."

"கீழே ஷெட் பூட்டும் அதே மழையிலதான் தொங்குது" என்றார் சர்வேயரம்மா. "அது பளபளன்னு இருக்கு. இந்த ரூமுக்குள்ள மட்டும் தனியா மழை பெய்யுதா?" பேசிக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்த சின்ன அலமாரிக் கதவை இழுத்தார். அதன் கீல்களும் செந்நிறத்தில் உதிர்ந்தன. உள்ளே துணிச் சுருளுக்குப் பின்னால் ஒரு பாத்ரூம் ஆசிட் பாட்டில். மூடி பாதிதான் திருகியிருந்தது. பக்கத்தில் ஈரம் காயாத பிரஷ். "மூடாத ஆசிட்டுக்குப் பக்கத்துல இரும்பு தங்காதும்மா. கையைக் காட்டுங்க."

மடித்துணிக்கு அடியிலிருந்து கைகள் வந்தன. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. வாசலில் நர்ஸம்மா நின்றிருந்தார். எப்போது மேலே ஏறி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"பாப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தது போலப் பாப்பா உடைந்தார். அழவில்லை. தைத்ததைப் பிரிப்பது போல ஒவ்வொரு இழையாகச் சொன்னார்.

சின்ன வயதில் அவருக்கு வலிப்பு வந்ததுண்டு. பிறகு நின்றுவிட்டது. ஆனாலும் ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன், தங்கையை மட்டும் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். அண்ணிக்கு இரவு டூட்டி இருந்த ஒரு நாள், விடிவதற்கு முன், சாவியை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டுக்குப் போனார். ஆள் இல்லாத ரோடு அது ஒன்றுதான். "ஓட்டிக் காட்டினா ஒத்துக்குவார்னு நினைச்சேன். பழகிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். வளைவுல மூடுபனி. ஒண்ணும் தெரியல. திடீர்னு 'டம்'னு ஒரு இடி. நடைபாதைக் கல்லுல ஏறிட்டேன்னு நினைச்சேன். இறங்கிப் பார்க்கல. பயந்துபோய் அப்படியே திருப்பி ஓட்டிட்டு வந்து, ஷெட்ல விட்டு, சாவியை மாட்டிட்டு, மேலே வந்து போர்வைக்குள்ள படுத்துட்டேன். அப்புறம்தான் சேதி வந்தது. அதே வளைவு."

நர்ஸம்மா சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் அழுதுட்டிருக்கும்போது நான் ஷெட்டுக்குப் போனேன். அந்தச் சக்கரத்துல, ஆரத்துல, சிவப்பா அப்பியிருந்தது." பாப்பாவின் குரல் தேய்ந்தது. "ஆசிட்டை எடுத்து ஊத்தித் தேய்ச்சேன். போயிடுச்சு. கொஞ்ச நாள்ல வெள்ளையா வந்தது. தேய்ச்சேன். மறுபடி வந்தது. அண்ணன் விடமாட்டேங்கறார். எனக்குத் தெரியும். முதல் நாளே வந்துட்டாரே."

"முதல் நாளா?" என்றார் சர்வேயரம்மா.

"அன்னிக்கே. நான் வந்து படுத்த கொஞ்ச நேரத்துல கீழே சரக் சரக்குன்னு தேய்க்கிற சத்தம். அண்ணன்தான் எழுந்துட்டார், எப்பவும் போல வேலை பார்க்கறார்னு நினைச்சுப் படுத்திருந்தேன். அவர் அங்கே வளைவுல கிடந்திருக்கார். நான் கேட்டது வேற. ஜன்னல்ல சுள்ளுன்னு வெயில் வந்த பிறகும் கேட்டுது. அதான் எனக்குப் பயம். வெயில்லயும் போகாத பேய்."

ஸ்டெப்னி துருப்பிடித்த கத்தரிக்கோலை மெல்ல மேஜையில் வைத்தான். சர்வேயரம்மா மட்டும் எதையோ மனசுக்குள் அடுக்குகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சிவப்பு எப்படி இருந்தது? பிசுபிசுன்னா?"

"இல்ல. காய்ஞ்சு கெட்டியா இருந்தது. நகத்தால சுரண்டினப்போ தூளா வந்தது."

"ஓட்டும்போது சீட்டை முன்னால இழுத்துக்கிட்டீங்களா?"

"இழுக்காம எனக்குக் கால் எட்டாதே."

"திரும்பித் தள்ளினீங்களா?"

"அதெல்லாம் எங்கே ஞாபகம் இருந்தது. இறங்கி ஓடியே வந்துட்டேன்."

சர்வேயரம்மா எழுந்தார். "கீழே வாங்க. நீங்களும் வாங்கம்மா."

ஷெட்டில் அவர் பாப்பாவின் கையைப் பிடித்து அந்தச் சக்கரத்தின் விளிம்பில் வைத்தார். "இப்படியே சுத்தித் தடவுங்க."

உரிந்த விரல் விளிம்போடு நகர்ந்தது. சொரசொரவென்று போய்க்கொண்டிருந்த இடத்தில் சட்டென்று ஒரு கையகலம் வழவழவென்று இருந்தது. வெள்ளைப் புழுத்தடங்கள் அதன் ஓரம் வரைக்கும் வந்து, உள்ளே நுழைய முடியாமல் ஒதுங்கிப் போயிருந்தன.

"கல்லுல இடிச்சா விளிம்புதான் முதல்ல கீறும். கீறின இடத்துலதான் ஆசிட் முதல்ல இறங்கும், முதல்ல பூக்கும். இங்கே எங்கே பூக்கணுமோ அங்கே மட்டும் பூக்கல. ஏன்னா அந்தக் கீறலை யாரோ தேய்ச்சு, பள்ளத்தை அடைக்கப் பட்டி வச்சு, மேல பூச்சு அடிச்சு, மெழுகும் போட்டு மூடியிருக்காங்க. ஸ்டெப்னி, அந்தத் தட்டைப் பாரு."

சுவர்த் தட்டில் வாத்தியாரின் வாளிகளுக்குப் பின்னால், ஒரு தகர டப்பாவும் மடிந்த உப்புத்தாளும் ஒரு சின்ன ஸ்ப்ரே டப்பாவும் இருந்தன. ஸ்டெப்னி தகர டப்பாவை நெம்பித் திறந்தான். உள்ளே வண்டிக்குப் பூசுகிற பட்டி காய்ந்து வெடித்திருந்தது. செக்கச் சிவப்பு.

"நீங்க ரத்தம்னு தேய்ச்சது இதைத்தான்" என்றார் சர்வேயரம்மா. "விளிம்புல வசதியாக் கை வைக்க ஸ்டியரிங்கைத் திருப்பணும். அதுக்கு உள்ளே உட்காரணும். உங்க அளவுக்கு இழுத்த சீட்டுல அவரால உட்கார முடியாது, பின்னால தள்ளியிருக்கார். சக்கரம் இன்னும் வெளியே பார்த்துக்கிட்டிருக்கு, சீட்டு இன்னும் அவர் உயரத்துல இருக்கு. நீங்க இடிச்சது வெறும் கல்லைத்தான். போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு நீங்க கேட்டது பேய் இல்ல. உங்க அண்ணன், உயிரோட, நீங்க கீறினதைச் சரி பண்ணிட்டிருந்தார்."

பாப்பா விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மேலே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். "ஏன் ஓட்டினேன்னு திட்டியிருக்கலாமே. நான் கீழே போய்ப் பார்த்திருந்தா..."

நர்ஸம்மா முன்னால் வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் ஸ்டெப்னி நினைத்தான். அவர் பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து உரிந்த விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு மருந்து போடாம எத்தனை நாள் மறைச்சே?" என்றார். கோபம் இருந்தது, பிடி மட்டும் விடவில்லை. "மேலே வா."

"அண்ணி, நான் போலீஸ்ல சொல்லிடறேன். லைசென்ஸ் இல்லாம ஓட்டினது, மறைச்சது, எல்லாம்."

"சொல்லு. நானும் வரேன். முதல்ல கைக்குக் கட்டுப் போடணும்."

இரண்டு பேரும் ஷெட் வாசலைத் தாண்டப் போனார்கள். ஸ்டெப்னிக்கு மனசு லேசாகிவிட்டது. கவரை மறுபடி காரின் மேல் இழுத்துவிட்டபடி, "ஆக, வெயில் வர்ற வரைக்கும் வேலை செஞ்ச நல்ல பேய் மேடம்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் கை நின்றது. கவர் பாதியில் தொங்கியது.

சர்வேயரம்மா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு இப்போது உறைத்தது அவருக்கு முன்பே உறைத்துவிட்டது என்று தெரிந்தது. அவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நின்றிருந்தார் போலும்.

"மேடம்" என்றான். "பட்டி காயணும், பூச்சு காயணும். சுள்ளுன்னு வெயில் வந்த பிறகும் அவர் இங்கேதான் இருந்தார். அதுக்கப்புறம்தான் நடக்கப் போயிருக்கார். அப்போ அந்த மூடுபனி?"

"அவர் போனப்போ மூடுபனி இல்ல" என்றார் சர்வேயரம்மா. "எப்பவும் விடியறப்போ போறவர்ங்கறதால அன்னிக்கும் அப்படித்தான்னு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. கண்ணு தெரியாம யாரும் இடிக்கல. நல்ல வெளிச்சம். முன்னால நடந்து போறது யாருன்னு இடிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நர்ஸம்மா திரும்பி நின்றார். பாப்பாவின் மணிக்கட்டு இன்னும் அவர் பிடியில் இருந்தது.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். "இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஓட்டக் கத்துக்கொடுத்ததே அவர்தான்."

தெருவில் ஒரு கார் வந்தது. வாத்தியார் வீட்டைத் தாண்டும்போது அவரிடம் படித்தவர்கள் மரியாதைக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போவது வழக்கம் என்று ஸ்டெப்னிக்கு அப்போது தெரியாது. கார் கேட்டுக்கு நேரே வேகம் குறைந்தது. மெல்ல, இரண்டு முறை, ஹாரன் ஒலித்தது. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கையை உயர்த்தினார்கள்.

நர்ஸம்மாவின் கை பழக்கத்தில் பாதி உயர்ந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.